சீட் பெல்ட்டை முழுசாக இழுத்துப் பார்த்தவளுக்கு

நீ வண்டி எடுத்து மூன்று வாரம் ஆகிறது. எடுத்த அன்று நான் உன்கூட வரவில்லை. வண்டிக்கு மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நீ நகர்த்தும்போது பக்கத்தில் நின்றது உன் அப்பாவும் உன் மகளும்தான். நான் தென்காசியில் நம் வீட்டு அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அம்மாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று நீ நினைத்திருப்பாய். அது பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லலாம் என்று நாலு தடவை போனை எடுத்தேன். "சொல்லும்மா, அடுத்த பேஷண்ட் வீட்டு வாசல்ல நிக்கேன்" என்பாய். நானும் "சாப்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். மின்வாரிய ஆபீசில் முப்பத்து நாலு வருஷம் எழுதின கை இது. பேசும்போது முழுங்குகிறதை எழுதும்போது முழுங்காது.

முதலில் வண்டியைப் பற்றியே சொல்கிறேன், ஏனென்றால் அதில் நீ செய்ததெல்லாம் சரி, அதை நான் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லவில்லை. கரண்ட் வைக்கிற மெஷினை ஸ்கூட்டரின் முன்னால் வைத்து, அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு, சாரலில் நனைந்துகொண்டே குற்றாலத்துக்கும் இலஞ்சிக்கும் கீழப்பாவூருக்கும் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்துகொண்டிருந்தாய். மாப்பிள்ளை ராணுவத்தில், வடக்கே. வருஷத்தில் ரெண்டு தடவை வருகிறார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் நீதான், அப்பாவை மாசா மாசம் டாக்டரிடம் கூட்டிப்போவதும் நீதான். "பழைய எலெக்ட்ரிக் கார் ஒண்ணு பாக்கலாம்னு இருக்கேம்மா" என்று நீ சொன்னபோது, "இங்கன பேயுத மழைக்கு அது சரிப்படுமா?" என்று கேட்டேன். நீ ஒன்றும் சொல்லாமல் ஒரு நோட்டைக் காட்டினாய். ஒரு மாசமாக நீ எங்கெங்கே போனாய், எத்தனை கிலோமீட்டர், எந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றாய் என்று தினமும் எழுதி வைத்திருந்தாய். அதிகமாகப் போன நாளில்கூட எண்பது கிலோமீட்டரைத் தாண்டவில்லை. "புது வண்டி ஓடுத தூரம் எனக்கு வேண்டாம். பழசானப்புறம் நூத்தம்பது ஓடினாலும் என் வேல முடிஞ்சிரும்" என்றாய். நான் சிரித்தேன். பிள்ளை பரீட்சைக்குப் படிப்பதுபோல் இருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். இப்போது நினைத்தால் அதுதான் சரியான முறை. நாங்கள் வண்டி வாங்கினபோது முதலில் கலரைப் பார்த்தோம். நமக்கு என்ன வேலைக்கு வண்டி என்பதை வாங்கி ஆறு மாசம் கழித்துத்தான் யோசித்தோம்.

உதவி செய்கிறேன் என்று நானாகத்தான் நடுவில் புகுந்தேன். வேலாயுதம் அண்ணாச்சி என்னோடு ஒரே செக்‌ஷனில் வேலை பார்த்தவர் என்று உனக்குத் தெரியும். உன்னை வயிற்றில் வைத்துக்கொண்டு நான் கவுண்டரில் உட்கார முடியாமல் கிடந்த நாட்களில் எனக்குப் பதிலாக அவர்தான் உட்கார்ந்தார். அவர் மகன் திருநெல்வேலியில் வைத்திருந்த வண்டி விலைக்கு வருகிறது, இங்கே தென்காசியில் அவர் வீட்டில்தான் நிற்கிறது என்றதும் எனக்கு வேறு இடம் பார்க்கவே தோன்றவில்லை. வெள்ளை வண்டி, பச்சை நம்பர் பிளேட், உள்ளே புது உறை போட்ட சீட்டு. நாம் போன அன்று அவர் வீட்டம்மா வடை சுட்டுவைத்திருந்தாள். நீ அதைத் தொடக்கூட இல்லை, நேராக வண்டிக்குப் போய்விட்டாய்.

"சர்வீஸ் சென்டர்ல பேட்டரிக்கு ரிப்போர்ட் எடுத்திருக்கா மாமா?" என்று கேட்டாய்.

"ரிப்போர்ட்டு என்னத்துக்குத் தாயி? ஃபுல்லா சார்ஜ் போட்டா திருநெல்வேலிக்குப் போய்ட்டு வந்து மிச்சம் இருக்கும்."

நீ டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தாய். போட்டுக்கொள்ளத்தான் இழுக்கிறாய் என்று நினைத்தேன். நீ இழுத்துக்கொண்டே இருந்தாய், அது இனி வராது என்று நிற்கிறவரைக்கும். அடியில், வழக்கமாக வெளியே வராத பாகத்தில், செம்மண் நிறத்தில் ஒரு கோடு இருந்தது. அப்புறம் கீழே குனிந்து, போன் லைட்டில் சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகளைப் பார்த்தாய். பின்னால் ஸ்டெப்னி வைக்கிற குழிக்குள் கையை விட்டு, விரலை மோந்து பார்த்தாய்.

"திருநெல்வேலில வெள்ளம் வந்தப்ப வண்டி எங்கன நின்னுச்சு மாமா?"

அண்ணாச்சி துண்டை எடுத்து வண்டிக் கண்ணாடியைத் துடைத்தார். "மேட்டுலதான் நின்னுதுன்னு பையன் சொன்னான்."

"அப்ப இந்தக் கோடு எப்படி வந்துச்சு?"

"ஏட்டி, போதும். அண்ணாச்சி பொய்யா சொல்லுதாவ?" என்று நான் குறுக்கே விழுந்தேன்.

"பொய்யின்னு நான் சொல்லலம்மா. தண்ணிக்குள்ள கெடந்த பேட்டரி மேல என் பிள்ளைய உக்காரவச்சு நான் ஓட்ட மாட்டேன். அவ்வளவுதான்." சத்தம் போடாமல்தான் சொன்னாய். அண்ணாச்சியிடம் "வாரேன் மாமா" என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போய்விட்டாய்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் பேசினதை உனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. படித்த திமிர் என்றேன். முப்பது வருஷப் பழக்கத்தை ஒரு பெல்ட்டைப் பிடித்து இழுத்து அறுத்துவிட்டாய் என்றேன். நீ வெளியே பார்த்துக்கொண்டு வந்தாய். குத்துக்கல்வலசையில் உன் வீட்டு வாசலில் இறங்கும்போது, "அவங்கள்ட்ட கேக்குததுக்கே உனக்கு இவ்வளவு கூச்சமா இருக்கே, ஏம்மா?" என்று மட்டும் கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. பத்து நாள் உன்னோடு பேசவும் இல்லை.

பேசாத அந்தப் பத்து நாளில் ஒரு வேலை செய்தேன். உன் வீட்டுக்கு எலெக்ட்ரீசியன் ஒருவர் வந்து எர்த் பார்த்துவிட்டுப் போனாரே, வீட்டுக்காரர் அனுப்பினார் என்று நினைத்திருப்பாய். அனுப்பினது நான். வாடகை வீடுகளில் எர்த் கம்பி என்று ஒன்று சும்மா சுவருக்குள் போய் எங்கேயும் சேராமல் நிற்பதை நான் சர்வீஸில் எத்தனையோ பார்த்திருக்கிறேன். எலெக்ட்ரிக் கார் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜைவிட, மோட்டாரைவிட அதிகமாகக் கரண்ட் இழுக்கும். அதற்குத் தனி வயர், தனி பிரேக்கர், ஒழுங்கான எர்த் மூன்றும் வேண்டும். மீட்டரில் உள்ள லோடு பற்றாவிட்டால் ஆபீசில் எழுதிக் கொடுத்து ஏற்றிக்கொள்ள வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு ஜன்னல் வழியாக வயரை இழுக்கிற வேலையை என்றைக்கும் செய்யாதே, ஒரு நாளைக்குத்தானே என்றுகூடச் செய்யாதே. வண்டி வாங்குகிறவர்கள் வண்டியை ஆயிரம் கேள்வி கேட்கிறார்கள். வீட்டுச் சுவரில் உள்ள பிளக்கை யாரும் கேட்பதில்லை.

இலஞ்சியில் ஒரு டீச்சர் விற்ற வண்டியை, நீ இப்போது ஓட்டுகிறாயே அதை, பார்க்கப் போனபோதும் நான் வரவில்லை, அப்பாவைக் கூட்டிப் போனாய். வந்து அவர்தான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அந்த டீச்சரே முதலில் குறையைத்தான் சொன்னாராம். "வாங்கின புதுசுல ஓடின தூரம் இப்ப ஓடல. ஏசி போட்டா இன்னும் குறையும். முன்னால பம்பர்ல ஒரு தடவ மாடு முட்டிருச்சு, மாத்தியிருக்கேன்" என்றாராம். பேட்டரி ரிப்போர்ட்டை நீ கேட்கும் முன்னாலேயே எடுத்து நீட்டினாராம். பேட்டரிக்கு இன்னும் எத்தனை வருஷம் வாரண்டி இருக்கிறது, பேர் மாற்றினால் அது உனக்கும் வருமா என்று நீ கம்பெனிக்கே போன் போட்டுக் கேட்டாயாம். அதற்கு மேல், "ஒரு நாள் என் வேலைக்கு எடுத்துட்டுப் போய்ப் பாக்கட்டுமா டீச்சர்?" என்று கேட்டாய் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவரும் சாவியைக் கொடுத்துவிட்டார்.

அன்று நீ அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, மெஷினையும் மடக்குக் கட்டிலையும் பின்னால் போட்டு, வழக்கமான உன் வீடுகளுக்கெல்லாம் போனாய். கீழப்பாவூர், அங்கிருந்து சுந்தரபாண்டியபுரம், மத்தியானம் பழைய குற்றாலம் ஏற்றம். மழை பிடித்துக்கொண்டதும் ஏசி, வைப்பர், லைட் எல்லாவற்றையும் போட்டு ஓட்டினாய். சாயங்காலம் மீதி எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டுதான் சாவியைத் திருப்பிக் கொடுத்தாயாம். அப்பா சொன்னார்: "வண்டி நல்லா இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியல. ஆனா என் கால நீட்டி உக்காரதுக்கு எடம் இருக்கான்னு பாக்கதுக்கு, நாலு தடவ என்ன ஏறி எறங்கச் சொன்னா. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு."

அவர் கால் என்றதும்தான் நான் எழுந்து உள்ளே போனேன். நீ வண்டி எடுத்த அன்று நான் வராததற்கு மீதிப் பாதிக் காரணம் அதுதான். நீ ஓட்ட, அப்பா முன்னால், பிள்ளை பின்னால். அந்த இருப்பை வாசலில் நின்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

போன வாரம் வேலாயுதம் அண்ணாச்சி போன் செய்தார். எடுக்க யோசித்தேன், எடுத்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னார். "தங்கச்சி, உன் மக கேட்டது சரிதான். அவ போனப்புறம் பையன நிறுத்திவச்சுக் கேட்டேன். சீட்டு வரைக்கும் தண்ணி நின்னிருக்கு. எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் உண்டு. கேட்டா விக்க முடியாதேன்னு நானும் விட்டுட்டேன். இப்ப வண்டிய விக்கலன்னுட்டோம், கம்பெனில குடுத்துப் பாக்கச் சொல்லியிருக்கேன். புள்ளைட்ட சொல்லு." சரி அண்ணாச்சி என்று வைத்துவிட்டேன். 'நானும் விட்டுட்டேன்' என்ற அந்தச் சொல்லை மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் விட்டதில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் நீ கேட்டாய். நான் விட்டதில் அப்படி நடக்கவில்லை.

அப்போது உனக்குப் பதினொரு வயது. புனலூரில் என் தங்கைக்கு நிச்சயதார்த்தம். அதற்கு முந்தின நாள் அப்பா நம் பழைய காரை ஜெயராஜின் பட்டறையில் சர்வீஸுக்கு விட்டிருந்தார். அன்று சாயங்காலமே, அவர் வேலை பார்த்த பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் எடுத்துக்கொண்டும் வந்துவிட்டார். அப்போது ஜெயராஜ் பட்டறையில் இல்லை, அவர் தம்பி சாவியைக் கொடுத்திருக்கிறார். அப்பா கடைக்குப் போயிருந்த நேரத்தில் வீட்டு போன் அடித்தது, பேசினது ஜெயராஜ். "அக்கா, நான் சாமான் வாங்கப் போயிருந்தேன். அதுக்குள்ள சார் வண்டிய எடுத்துட்டாவ. பின் சக்கரத்துல பிரேக் ஆயில் கசியுது. மலைப் பாதைல கொண்டுபோகவே கூடாது. நாளைக்கு ஒரு நாள் வண்டிய விடச் சொல்லுங்க, சரி பண்ணித் தாரேன்" என்றார். சொல்கிறேன் என்றேன்.

நான் சொல்லவில்லை. மறந்துபோகவில்லை, இதை நீ தெளிவாகத் தெரிந்துகொள். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு பஸ் இருந்தது. அப்பாவிடம் சொல்லியிருந்தால் பஸ்ஸில் போவோம் என்றிருப்பார். என் தங்கைக்கு மாமியாராகப் போகிறவள் வீட்டு வாசலில் நான் காரில் போய் இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இவ்வளவு நாள் ஓடின வண்டி ஒரு நாள் ஓடாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆரியங்காவு தாண்டி இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் வண்டி மோதினது உனக்குத் தெரியும், அப்போது நீ பின் சீட்டில் என் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். உனக்கு ஒரு கீறல் இல்லை. எனக்கு நெற்றியில் தையல். அப்பாவுக்கு வலது முழங்கால் போனது. கிரவுண்டில் பிள்ளைகளோடு ஓடிக்கொண்டிருந்த பி.டி. சார், மீதி சர்வீஸ் முழுவதையும் நூலக அறையில் உட்கார்ந்து கழித்தார். நீ பிசியோதெரபி படிக்கிறேன் என்று சொன்னபோது எல்லோரும் பெருமைப்பட்டார்கள். எனக்கு மட்டும் வேறு மாதிரி இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. ஜெயராஜ் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலில் கிடந்த அப்பாவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஜெயராஜ் பிரேக்கைப் பார்க்காமலே வண்டியைக் கொடுத்துவிட்டான் என்று அப்பா பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னார். வாத்தியார்கள் ஒருவர்கூட அதற்குப் பிறகு அவரிடம் வண்டி விடவில்லை. ரெண்டு வருஷத்தில் பட்டறையை மூடிவிட்டு அவர் கீழப்பாவூர்ப் பக்கம் போய்விட்டார். இத்தனையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கேட்டாயே, கேட்பதற்கு ஏன் இவ்வளவு கூச்சம் என்று. நாலு பேர் முன்னால் முகம் கெட்டுவிடக் கூடாது என்கிற அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு என் வாயை அடைத்தது. அதையே மரியாதை என்று சொல்லி உனக்கும் கற்றுக்கொடுக்கப் பார்த்தேன். நல்ல வேளையாக நீ கற்றுக்கொள்ளவில்லை.

செவ்வாய்க்கிழமை அப்பாவிடம் சொன்னேன். காலையில், அவர் நீ சொல்லிக்கொடுத்த எக்ஸர்சைஸை முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது. முழுக்கக் கேட்டார். என்னைத் திட்டுவார் என்று இருந்தேன். முழங்காலைத் தடவிக்கொண்டே, "ஜெயராஜ்ட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "மொதல்ல அவன்ட்டதான் சொல்லியிருக்கணும்" என்றார். அதற்குப் பிறகு ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. வியாழக்கிழமை அவரே சட்டையைப் போட்டுக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டார். உனக்குச் சொல்ல வேண்டாம், நாமே போவோம் என்றார்.

ஜெயராஜுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. கீழப்பாவூரில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறார், ஒரு கார் உள்ளே நின்றது. அப்பா நின்றுகொண்டே சொன்னார். "ஜெயராஜ், நீ போன் பண்ணினது எனக்கு இப்பத்தான் தெரியும். ஊரெல்லாம் ஒன்னப் பத்தித் தப்பாச் சொல்லிட்டேன்." நான் பக்கத்தில் நின்று, "இவங்கள்ட்ட நான்தான் சொல்லல" என்றேன்.

அவர் கையைத் துணியில் துடைத்தார். "அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா அக்கா" என்றார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஒரு ஸ்டூலை இழுத்து அப்பாவை உட்காரச் சொன்னார். "பாப்பா என்ன செய்யுதா?" என்று கேட்டார். அப்பா சொன்னார், எலெக்ட்ரிக் கார் வாங்கியிருக்கிறாள் என்றும் சொன்னார்.

"அதுல எனக்கு என்ன வேல இருக்கு? இஞ்சின் கிடையாது, ஆயில் கிடையாது."

"பிரேக்கு இருக்கும்லா" என்றார் அப்பா.

ஜெயராஜ் அதற்குச் சிரிக்கவில்லை. "அந்த வண்டில கால எடுத்தாலே வேகம் கொறஞ்சிரும், பிரேக்க ரொம்ப மிதிக்க மாட்டாவ. மிதிக்காமலே கெடந்தா நம்ம ஊர் ஈரத்துக்குத் துருப் பிடிக்கும். பேட்டரி, கரண்டு எல்லாம் கம்பெனி பாக்கட்டும். நாலு வீலையும் கழட்டி நான் பாத்துத் தாரேன், கொண்டுவரச் சொல்லுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே வண்டியைக் கொண்டு போ. உன் நம்பரை அவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ன கோளாறு இருந்தாலும் உனக்கே நேராகச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

இதைப் படித்ததும் உனக்கு என்ன தோன்றும் என்று என்னால் யோசிக்க முடியவில்லை. கோபம் வந்தால் கோபப்படு, சீக்கிரம் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று அவசரமில்லை. ஆனால் கேட்க வேண்டும் என்று தோன்றினால் அப்பாவிடம் கேட்காதே. என்னிடம் கேள். பிள்ளை முன்னால் கேட்டாலும் சரி, மாப்பிள்ளை வந்திருக்கும்போது கேட்டாலும் சரி. அண்ணாச்சி வீட்டில் கேட்டாயே, அந்தக் குரலிலேயே கேள். நான் உட்கார்ந்து பதில் சொல்கிறேன்.

உன் அம்மா